சட்டம் சுவரோடு சேரட்டும், முள் தனித்து நிற்கட்டும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், பொங்கலுக்கு முன் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பது பற்றிப் பேசியபோது, "சுவருக்கு ஏற்ற கடிகாரம்" என்ற தலைப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியாகிறது.)



தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் பராமரிப்பு, பார்க்கிங் என்று பேசி முடித்த பிறகு கடிகாரத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். எனக்குக் கொடுத்திருப்பது பதினைந்து நிமிடம். எதிர்ச்சுவரில் மாட்டியிருக்கும் நம் கூடத்துக் கடிகாரம் என்ன மணி காட்டுகிறது என்று இங்கிருந்து எனக்குத் தெரியவில்லை. வெள்ளைச் சுவர், வெள்ளை முகம், அதில் வெள்ளி முள். டியூப் லைட்டின் வெளிச்சம் கண்ணாடியில் பளபளக்கிறது. ஆகவே நேரம் தாண்டினால் குற்றம் என்னுடையது அல்ல.

இந்தக் காலாண்டில் நம்மில் பல வீடுகளில் பெயின்ட் வேலை நடக்கிறது. சுவர் நிறம் மாறியதும் திரைச்சீலை மாறும், சோபா உறை மாறும், கடைசியில் பழைய கடிகாரம் பொருந்தாமல் தெரியும். புதிதாக ஒன்று வாங்கக் கிளம்புவோம். கிளம்புவதற்கு முன் கேட்டுவிட்டுப் போகத்தான் இந்தப் பேச்சு.

முதலில் என் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

போன முறை பெயின்ட் அடித்தபோது ஹாலுக்குச் சந்தன நிறம் தேர்ந்தெடுத்தோம். அதற்குப் பொருத்தமாக ஒரு கடிகாரம் வாங்கினோம். தந்த நிறத்தில் முகம், தங்க நிறத்தில் முள், எண்களுக்குப் பதிலாகத் தங்கப் புள்ளிகள். சுற்றிலும் இலை இலையாகத் தங்க வேலைப்பாடு. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். சுவரோடு சுவராக அவ்வளவு அழகாகச் சேர்ந்துவிட்டது.

என் அம்மாவுக்கு வயது எழுபத்தெட்டு. இரண்டு கண்ணிலும் புரை ஆரம்பம். இரவு சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு ஒரு சர்க்கரை மாத்திரை போட வேண்டும். ஒரு கார்த்திகை மாத மழை நாளில் மதியத் தூக்கம் முடிந்து எழுந்தவர், ஹாலுக்கு வந்து கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே இருட்டிக் கிடந்தது, ஜன்னல் மூடியிருந்தது, விளக்கு எரிந்தது. மணி ஏழு இருபத்து மூன்று என்று நினைத்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிடக் கூப்பிடுவார்கள் என்று மறுபடி போய்ப் படுத்துவிட்டார்.

உண்மையில் அப்போது மணி நாலு முப்பத்தைந்து.

எப்படி என்று யோசித்துப் பாருங்கள். நாலு முப்பத்தைந்துக்குச் சின்ன முள் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் இருக்கும், பெரிய முள் ஏழில் இருக்கும். எது சின்னது எது பெரியது என்று தெரியாவிட்டால், அதே படம் ஏழு இருபத்து மூன்றாகிவிடும். அந்தக் கடிகாரத்தில் இரண்டு முள்ளும் ஏறக்குறைய ஒரே நீளம், ஒரே தடிமன், ஒரே தங்க நிறம். அம்மா கணக்கில் தவறு செய்யவில்லை. படித்த படமே தவறு.

ஆறு மணிக்குக் காப்பி கொடுக்க எழுப்பியபோது உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கிக்கொண்டிருந்தது. பேச்சு குழறியது. சர்க்கரை குறைந்துவிட்டது என்று புரிந்து, உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, டாக்டரிடம் கொண்டு போனோம். நல்ல வேளை, ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில் அம்மா சொன்னது ஒன்றுதான்: "எனக்குத்தான் கண் சரியில்லையே, கடிகாரத்தை ஏன் குறை சொல்ற?"

அந்த வார்த்தைதான் என்னை இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க வைத்தது. கண் சரியில்லாதவர் பார்ப்பதற்குத்தானே சுவரில் கடிகாரம் மாட்டுகிறோம்! நம்மிடம் செல்போன் இருக்கிறது. அதைப் பார்த்துப் பழகாதவர்கள் வயதானவர்களும், மணி பார்க்கப் பழகும் சின்னப் பிள்ளைகளும்தான். அவர்களை மறந்துவிட்டுச் சுவருக்காகக் கடிகாரம் வாங்கினால் என்ன ஆகும் என்று நான் பார்த்துவிட்டேன்.

அதற்காக அழகு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அழகும் வேண்டும், மணியும் தெரிய வேண்டும். இரண்டும் சேர்ந்து வர ஒரு வழி இருக்கிறது.

கடிகாரத்தை ஒரே பொருளாகப் பார்க்காதீர்கள். அதில் மூன்று பகுதிகள் இருக்கின்றன. வெளியே சட்டம், உள்ளே முகம், முகத்தின் மேல் முள்ளும் எண்ணும். நிறம் பொருத்த வேண்டியது சட்டத்தில்தான். சட்டம் உங்கள் சுவரோடும் கதவோடும் சோபாவோடும் எவ்வளவு வேண்டுமானாலும் உறவாடட்டும். முகம் சுவரிலிருந்து கொஞ்சம் விலகி நிற்க வேண்டும். முள்ளோ முகத்தோடு சேரவே கூடாது. முகம் வெளுப்பென்றால் முள் கருப்பு, முகம் கருமையென்றால் முள் வெள்ளை. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாலும் போதும். மீதியெல்லாம் விளக்கம்.

இந்த விலகலை அளக்க ஓர் அளவும் உண்டு. ஒரு நிறம் தன்மேல் விழும் வெளிச்சத்தில் எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது என்பதற்கு 0 முதல் 100 வரை எண் கொடுப்பார்கள். முழுக் கருப்பு 0, முழு வெள்ளை 100. சில பெயின்ட் நிறுவனங்கள் ஒவ்வொரு நிறத்துக்கும் இந்த எண்ணைத் தருகின்றன. பார்வை குறைந்தவர்களும் புழங்கும்படி கட்டடம் கட்டுவதற்கான பிரிட்டன் நாட்டுத் தரவிதி, சுவரும் கதவும் போல அடுத்தடுத்து வரும் பரப்புகளுக்கு இடையே இந்த எண்ணில் 30 புள்ளியாவது வித்தியாசம் வேண்டும் என்கிறது. முகத்துக்கும் முள்ளுக்கும் அதைவிட அதிகமாகவே இருக்கட்டும்.

எண்ணெல்லாம் யார் பார்ப்பது என்கிறீர்களா? சுலபமான சோதனை ஒன்று உண்டு. கடையில் கடிகாரத்தைச் செல்போனில் படம் எடுங்கள். அந்தப் படத்தைக் கருப்பு வெள்ளையாக மாற்றுங்கள். முள் பளிச்சென்று தெரிந்தால் வாங்குங்கள். முள் முகத்தில் கரைந்துபோனால், அது எத்தனை அழகாக இருந்தாலும் கும்பிட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள். தங்கமும் தந்தமும் கண்ணுக்கு வேறு வேறு நிறமாகத் தெரியும். கருப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பல்தான். வயதான கண்ணுக்கும் ஏறக்குறைய அப்படித்தான் தெரிகிறது.

அதற்குக் காரணம் உண்டு. வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிக்கொண்டே போகிறது. மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பது போல. அதனால் வெள்ளையும் இளமஞ்சளும் ஒன்றாகத் தெரியும், கருநீலமும் கருப்பும் ஒன்றாகத் தெரியும். கருநீல முகத்தில் கருப்பு முள் வைத்த கடிகாரம் நாற்பது வயதுக்காரருக்கு நாகரிகமாக இருக்கும். எழுபது வயதுக்காரருக்கு அது சுவரில் ஒரு கருப்பு வட்டம்.

இனி நிறப் பொருத்தம். நம் குடியிருப்பில் பெரும்பாலும் அடிக்கும் நிறங்களை வைத்தே சொல்கிறேன்.

சந்தனம், கிரீம் சுவர் என்றால், தேக்குக் கதவு நிறத்தில் மரச்சட்டம் நன்றாக இருக்கும். அடர்ந்த பச்சை, கருநீலம், செங்கல் சிவப்பு ஆகிய சட்டங்களும் எடுக்கும். முகம் நல்ல வெள்ளையாக இருக்கட்டும். தந்தமும் இளமஞ்சளும் வேண்டாம்.

பிஸ்தா பச்சைச் சுவருக்குச் சுட்ட மண் நிறம் அருமையான ஜோடி. பச்சையும் செம்மண்ணும் நம் வயல்காட்டில் பார்த்துப் பழகிய சேர்க்கைதானே. சாம்பல் சுவர் கொஞ்சம் சோகமாக இருக்கும். அதற்குக் கடுகு மஞ்சளிலோ செங்கல் சிவப்பிலோ சட்டம் வைத்தால் அறையே விழித்துக்கொள்ளும். இளநீலச் சுவருக்கு வெள்ளைச் சட்டமோ மரமோ போதும். ரோஸ், லாவண்டர் அறைகளுக்கு அடர்ந்த ஊதா அல்லது கரும்பழுப்பு. வெள்ளைச் சுவருக்கு எந்த நிறமும் பொருந்தும். சட்டமே இல்லாத வெள்ளைக் கடிகாரம் மட்டும் வேண்டாம்.

ஒரு பக்கச் சுவருக்கு மட்டும் அடர்ந்த நிறமோ பூப்போட்ட வால்பேப்பரோ ஒட்டியிருக்கிறீர்களா? அங்கே வேலைப்பாடு இல்லாத எளிய கடிகாரம்தான் நிற்கும். பூவின் மேல் பூ வைத்தால் இரண்டும் கெடும்.

வீட்டு அலங்காரக்காரர்கள் 60, 30, 10 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அறையில் 60 பங்கு சுவர் நிறம், 30 பங்கு சோபா, திரை போன்றவற்றின் நிறம், 10 பங்கு எடுப்பான மூன்றாவது நிறம். கடிகாரம் அந்த 10 பங்கில் வருவது. ஆகவே தலையணை உறையிலோ திரைச்சீலையின் கரையிலோ ஏற்கெனவே இருக்கும் ஒரு நிறத்தைக் கடிகாரத்தின் சட்டத்தில் மறுபடி கொண்டுவாருங்கள். அறை முழுக்கச் சேர்ந்துவிடும். சுவரின் நிறத்தையே கடிகாரத்திலும் தேடுவதுதான் நான் செய்த தவறு.

கடையில் பார்த்த நிறம் வீட்டில் வராது என்பதையும் சொல்ல வேண்டும். நம் ஊர் மணிமுத்தாற்றில் போட்ட பொன்னைத் திருவாரூர்க் குளத்தில் தேடி எடுத்தது சுந்தரருக்கு நடந்தது. கடை விளக்கில் பார்த்த நிறத்தை வீட்டுச் சுவரில் தேடினால் நமக்குக் கிடைக்காது. கடையில் பெரும்பாலும் 6500 கெல்வின் என்று போட்ட வெள்ளை விளக்கு எரியும். வீட்டில் 3000 கெல்வின் மஞ்சள் விளக்கு வைத்திருந்தால் நீலம் மங்கும், பழுப்பு செம்மை தட்டும். ஷேட் கார்டிலிருந்து உங்கள் சுவர் நிறத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். கடிகாரத்தையும் அட்டையையும் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் ஒரு முறை பாருங்கள். மாற்றிக்கொள்ளலாம் என்று கேட்டு வாங்கி, இரவு விளக்கில் வீட்டில் ஒரு முறை பாருங்கள்.

அடுத்தது அளவு. அறிவிப்புப் பலகை எழுதுபவர்கள் பத்து அடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் எழுத்து என்று கணக்கு வைத்திருப்பார்கள். உங்கள் ஹாலில் உட்காரும் இடத்திலிருந்து கடிகாரச் சுவர் பதினைந்து அடி என்றால், எண்கள் ஒன்றரை அங்குல உயரமாவது இருக்க வேண்டும். அதற்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு அங்குல முகம் தேவைப்படும். படுக்கையறைக்குப் பத்து அங்குலம் போதும். கடையில் கடிகாரத்தைக் கையில் பிடித்துப் பார்க்காதீர்கள். மாட்டச் சொல்லிவிட்டு, பதினைந்து அடி பின்னால் நடந்து போய்ப் பாருங்கள். கடைக்காரர் ஒன்றும் நினைக்க மாட்டார்.

கடையில் எல்லாக் கடிகாரமும் பத்து பத்தில் நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். இரண்டு முள்ளும் இரண்டு பக்கமும் விரிந்து, நடுவில் கம்பெனிப் பெயர் தெரிவதற்காக அப்படி வைப்பது. பார்க்கச் சிரித்த முகமாக இருக்கும். முள்ளைத் திருப்பி நாலு முப்பத்தைந்தில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். என் அனுபவத்தில் அதைவிட நல்ல சோதனை இல்லை. சின்ன முள் நன்றாகக் குட்டையாகவும் தடிமனாகவும் இருக்க வேண்டும்.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைகள் மணி பழகும் வீட்டில் 1 முதல் 12 வரை முழு எண்களும், அறுபது நிமிடக் கோடுகளும் இருக்கட்டும். ரோமன் எண் பழைய பாணி வீட்டுக்கு அழகு. தமிழ் எண் போட்ட கடிகாரங்களும் இப்போது கிடைக்கின்றன. ௧, ௨, ௩ என்று தொடங்கி ௰௨ வரை. அது ஹாலில் இரண்டாவது கடிகாரமாக இருந்தால் பிள்ளைகள் விளையாட்டாகவே கற்றுக்கொள்வார்கள். வெறும் புள்ளி வைத்த கடிகாரம், செல்போன் கையிலிருக்கும் நமக்கு மட்டும்தான்.

கடிகாரம் எப்படி இத்தனை நிறத்திலும் வடிவத்திலும் வர ஆரம்பித்தது என்பதில் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. நம் தாத்தா காலத்து ஊசல் கடிகாரம் ஏன் எப்போதும் மரப்பெட்டியாகவே இருந்தது? ஊசல் ஆட இடம் வேண்டும், வில்லும் பல்சக்கரமும் கனம் தாங்க வேண்டும். பெட்டிதான் கடிகாரம். குவார்ட்ஸ் வந்த பிறகு அந்தத் தேவை போய்விட்டது. ஒரு சின்னப் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதை எண்ணிப் பார்த்து முள்ளை நகர்த்தும் மெஷின், இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான ஒரு சதுர டப்பாவில் அடங்கிவிடுகிறது. ஒரு பென்சில் பேட்டரி போட்டால் ஏறக்குறைய ஒரு வருடம் ஓடும். அதன்பின் முகத்தை எதில் வேண்டுமானாலும் செய்யலாம் என்றாயிற்று. மரம், இரும்பு, கண்ணாடி, பீங்கான், எது வேண்டுமானாலும்.

பீங்கான் என்றதும் நம் ஊருக்கு வந்துவிட்டோம்.

குஜராத்தில் மோர்பி என்று ஓர் ஊர். இந்தியாவின் தரை ஓடு, சுவர் ஓடுகளின் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. நம் வீட்டுக் குளியலறை ஓட்டைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தால் பாதிப் பேருக்கு மோர்பி பெயர் இருக்கும். அதே மோர்பிதான் இந்தியச் சுவர்க் கடிகாரத்துக்கும் தலைநகர். பள்ளி ஆசிரியராக இருந்த ஓதவ்ஜி படேல் 1971-இல் அங்கே அஜந்தா கடிகாரத்தைத் தொடங்கினார். தொழிற்சாலையில் பெண்களைப் பெருமளவில் வேலைக்கு வைத்ததற்காகவும் அவர் பெயர் பெற்றவர். பீங்கானும் கடிகாரமும் ஒரே ஊரில் வளர்ந்தன.

நம் விருத்தாசலத்துக்கும் பீங்கானால்தான் பெயர். பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெள்ளைக் களிமண், இங்கே செராமிக் தொழிற்பேட்டை, பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தரும் அரசுக் கல்வி நிலையம். கார்த்திகை வந்தால் அகல் விளக்கு, மற்ற நாளில் பொம்மை, ப்யூஸ் கேரியர் என்று சூளைகள் எரிகின்றன. ஆனால் நாம் எல்லோரும் ஹாலில் மாட்டியிருப்பது பிளாஸ்டிக். இதை நான் பெரிய குறையாகச் சொல்லவில்லை. வசதி அப்படி. ஆனால் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவர்கள் நம் குடியிருப்பிலேயே இருக்கிறார்கள். ஆர்டர் குறைந்தால் என்ன ஆகும் என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அம்மாவுக்கு நடந்ததற்குப் பிறகு நான் அந்தத் தங்கக் கடிகாரத்தை இறக்கிவிட்டு, நம் ஊரிலேயே ஒரு பீங்கான் தட்டு சொல்லிச் செய்தேன். வெள்ளை மெருகு, விளிம்பில் மட்டும் கருநீலம், எண்கள் கருப்பில். வழக்கமாகக் கிடைக்கும் சரக்கு அல்ல, கேட்டுத்தான் செய்ய வேண்டும். இரண்டு முறை செய்ய வேண்டியதாயிற்று. முதல் முறை தவறு என்னுடையது. அதிலிருந்து கற்றதைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு ஒரு தட்டு மிச்சம்.

களிமண் காயும்போதும் சூளையில் வேகும்போதும் சுருங்கும். மண்ணைப் பொறுத்து நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு பங்குகூடக் குறையும். மெஷினின் மரைத்தண்டு 8 மில்லிமீட்டர் என்று அளந்து, நடுவில் 8 மில்லிமீட்டர் ஓட்டை கேட்டேன். ஈரத்தில் 8 போட்டார்கள். வெந்து வந்தபோது ஓட்டை 7 ஆகிவிட்டது. தண்டு நுழையவில்லை. வெந்த பீங்கானைச் சாதாரண டிரில்லால் துளைத்தால் விரிசல் விடும். வைரத்தூள் பூசிய பிட் வைத்து, தண்ணீர் விட்டு, மெதுவாகத் துளைக்க வேண்டும். நான் அவசரப்பட்டேன், தட்டு இரண்டாயிற்று. ஆகவே அளவு சொல்லும்போது "சுட்ட பிறகு ஓட்டை 9 அல்லது 10 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்" என்று சொல்லுங்கள். தட்டின் அகலமும் அப்படித்தான். ஈரத்தில் பன்னிரண்டு அங்குலம் என்பது சுட்ட பின் பத்தரை அங்குலம்தான் வரும்.

தட்டின் தடிமனையும் கேட்டுக்கொண்டு மெஷின் வாங்குங்கள். தடிமனைவிட மரைத்தண்டு மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளமாக இருந்தால்தான் நட்டு பிடிக்கும். வாட்ச் ரிப்பேர் கடையில் மெஷினும் முள்ளும் தனியாகக் கிடைக்கும். கருப்பு முள்ளாகக் கேளுங்கள். தட்டுக்கும் மெஷினுக்கும் நடுவில் ஒரு ரப்பர் வளையம் வைத்து, நட்டைக் கையால் முடுக்கினால் போதும்.

மெருகின் நிறம் எதனால் வருகிறது என்று தெரிந்தால் கேட்பது சுலபம். கோபால்ட் கலந்தால் நீலம், செம்பு கலந்தால் பச்சை, இரும்பு கலந்தால் தேன் நிறத்திலிருந்து கரும்பழுப்பு வரை. இவையெல்லாம் சூளைச் சூட்டைத் தாங்கும் நிறங்கள். வெயிலில் வெளுக்காது. அச்சடித்த காகித முகம் மேற்கு வெயில் படும் சுவரில் சில வருடத்தில் வெளிறிவிடும், பீங்கான் அப்படியே இருக்கும். ஒன்று மட்டும். முகத்துக்குப் பளபளப்பு வேண்டாம், மங்கல் மெருகு கேளுங்கள். பளபளத்தால் ஜன்னலும் விளக்கும் அதில் தெரியும், மணி தெரியாது.

பீங்கான் கடிகாரம் ஒரு கிலோ வரை கனக்கும். ஆணியில் மாட்டக் கூடாது. துளை போட்டு, பிளக் வைத்து, ஸ்க்ரூ முடுக்கி மாட்டுங்கள். இங்கே சங்கத்தின் சார்பில் மூன்று வேண்டுகோள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே துளை போடாதீர்கள், உள்ளே வயர் மேல்நோக்கித்தான் போகிறது. குளியலறைக்கு அடுத்த சுவரில் தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை டிரில் சத்தம் வேண்டாம். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை தூங்கும்.

உயரம். நம் வீடுகளில் கடிகாரத்தைக் கதவு நிலைக்கு மேலே, லாஃப்டை ஒட்டி மாட்டுவது பழக்கம். ஏன் என்று யாருக்கும் தெரியாது, அங்கே ஏற்கெனவே ஓர் ஆணி இருந்திருக்கும். முகத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஐந்தரை அடி, அதிகம் போனால் ஆறு அடி இருந்தால் போதும். பேட்டரி மாற்ற ஸ்டூல் மேல் ஏறவும் வேண்டாம். வாஸ்து பார்ப்பவர்கள் தெற்குச் சுவரைத் தவிர்த்து வடக்கு, கிழக்கு என்பார்கள். பாருங்கள், தவறில்லை. ஆனால் பெரியவர் உட்காரும் நாற்காலியிலிருந்து தெரியும் சுவராகவும் அது இருக்கட்டும்.

படுக்கையறைக்கு டிக் டிக் சத்தம் இல்லாமல் நொடிமுள் வழுக்கிக்கொண்டே ஓடும் மெஷின் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள். சமையலறையில் அடுப்புக்கு எதிரே மாட்டினால் எண்ணெய்ப் புகை படியும், தள்ளி மாட்டுங்கள். கடிகாரம் நின்றுவிட்டால் அன்றே பேட்டரியை எடுத்துவிடுங்கள். செத்த பேட்டரி உள்ளேயே கிடந்தால் கசிந்து மெஷினையும் கெடுக்கும். நின்ற கடிகாரம் வீட்டுக்கு ஆகாது என்று பெரியவர்கள் சொன்னதில் இந்த நியாயமும் சேர்ந்திருக்கிறது. எடுத்த பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். பழைய பேட்டரிகளைத் தனியாகச் சேகரிக்க 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளே வந்துவிட்டன. காவலாளி அறையில் ஒரு பெட்டி வைக்கச் செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். நீங்களும் ஞாபகப்படுத்துங்கள்.

முடிக்கிறேன். நம் ஊர்க் கோவிலில் எல்லாம் ஐந்து ஐந்தாக இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஐந்து கோபுரம், ஐந்து தேர், ஐந்து தீர்த்தம். அதனால் கடைக்குப் போகும்போது நீங்களும் ஐந்து கேள்வி கேளுங்கள்.

ஒன்று, சட்டத்தின் நிறம் என் அறையில் ஏற்கெனவே எங்காவது இருக்கிறதா?

இரண்டு, கருப்பு வெள்ளைப் படத்தில் முள் தெரிகிறதா?

மூன்று, நாலு முப்பத்தைந்தில் வைத்தால் நாலு முப்பத்தைந்தாகவே தெரிகிறதா?

நான்கு, பதினைந்து அடி தூரத்திலிருந்து எண் தெரிகிறதா?

ஐந்து, இதை மாட்டப்போகும் வீட்டில் யாருக்குக் கண் மங்கல்? அவரைக் கேட்டேனா?

ஐந்தாவதுதான் நான் கேட்காமல் விட்டது. இப்போது எங்கள் ஹாலில் அந்தப் பீங்கான் தட்டு தொங்குகிறது. சந்தனச் சுவரில் கருநீல விளிம்பு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வருகிறவர்கள் யாரும் முன்போல நின்று பாராட்டுவதில்லை. அம்மா மட்டும் தினமும் மாலையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சத்தமாக மணி சொல்கிறார், "மணி ஏழு, மாத்திரை எடு" என்று. நான் ஒவ்வொரு முறையும் செல்போனை எடுத்துச் சரிபார்க்கிறேன். இதுவரை ஒரு நாளும் தவறவில்லை.

இந்தக் கூடத்துக் கடிகாரத்தையும் மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, நேரம் எவ்வளவு ஆயிற்று என்று தெரியாமலே விடைபெறுகிறேன்.